ஓரத்தில் எழுதிய தேதிகள்

லிஃப்ட்காரர் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். கூடத்தில் ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சிடியா" என்று அதன் கண்ணாடிக் கதவை நோக்கிக் கையை நீட்டுவார்கள். கை பாதி தூரம் போவதற்குள் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்துவிடும்.

"தொட்டுடாதீங்க. அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்காது."

விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொல்வாள். ஆனால் அதில் விளையாட்டு கொஞ்சம்தான். முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர் அவர். அவர் கணக்கில் உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை: ஒழுங்காகப் பராமரித்தவை, என்றைக்காவது நடுவழியில் நிற்கப்போகிறவை. மனிதர்களையும் அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார் என்பது மனைவியின் கட்சி.

சிடியோ டிவிடியோ, அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் சிடிதான். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நோட்டு. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் ஈரம் ஏறும், அதனால் உள்சுவர். சன்னலுக்கு எதிரே இருந்தால் வெயில் அடிக்கும். அதனால் சன்னல் பார்க்காத உள்சுவர். அந்தச் சுவரில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த கல்யாணப் போட்டோ இடம் பெயர்ந்து, இன்றைக்கு வாஷிங் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. பெட்டிகள் புத்தகம் போல நிற்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கக் கூடாது. படுக்கவைத்தால் மேலே உள்ளவற்றின் கனத்தில் கீழே உள்ளது வளைந்துவிடும்.

"என்னை மட்டும் நாள் பூரா நிக்க வச்சா நான் வளைய மாட்டேனாக்கும்" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அவள் மருந்துக்கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவள். லிஃப்ட்காரர் மறுநாள் உயரமான ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டுவிட்டு வந்தார். அவர் பேசுகிற லட்சணம் அதுதான். ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் கதை எப்படி என்று கேட்டால், "பிரிண்ட் சுத்தமா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

மருந்துக்கடையும் தன் பங்குக்கு அலமாரிக்கு உதவியது. பெரிய மாத்திரை டப்பாக்கள் காலியாகும்போது அடியில் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று மிஞ்சும். மற்றவர்கள் குப்பையில் போடுவதை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவர் அவற்றை அலமாரியின் மூலைகளில் செருகி வைப்பார். அது ஒன்றுதான் இருவரும் சேர்ந்து செய்கிற அலமாரி வேலை. சிடியைத் தொடுகிற உரிமை அவருக்கு மட்டும்.

ஒரு படம் போடுவதென்றால் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். பெட்டியின் நடுப்பொத்தானை அமுக்கி, ஓரத்திலும் நடு ஓட்டையிலும் மட்டும் விரல் படுகிற மாதிரி சிடியை எடுப்பார். பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைப்பார். வட்டமாகத் துடைக்கவே கூடாது. படம் முடிந்ததும் மறுபடியும் துடைத்து, மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, பளபளப்பான பக்கம் மேலே பார்க்க வைப்பார். அது முகமாம். முகத்தில் தூசி படக்கூடாது. மறுபக்கம் முதுகு. முதுகு எதையும் தாங்கும். கடைசியாக, முகம் எதிலும் படாமல் சிடியைக் கையில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பால்பாயின்ட் பேனாவை எடுத்து, அந்த முதுகின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் அன்றைய தேதியை அழுத்தி எழுதுவார்.

இது வேலையிலிருந்து வந்த பழக்கம். லிஃப்டின் இயந்திர அறையில் ஓர் அட்டை தொங்கும். எண்ணெய் போட்டாலும் கம்பியைப் பார்த்தாலும், பார்த்தவர் அதில் தேதி எழுதிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். எழுதாவிட்டால் வேலை செய்யாத மாதிரிதான்.

"அதான் நோட்டு இருக்கே, அதுல எழுத வேண்டியதுதானேப்பா" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"பொருள் ஒரு இடத்துல, தேதி ஒரு இடத்துல இருந்தா என்னைக்காவது ஒருநாள் ரெண்டுக்கும் சண்டை வரும். தேதி பொருள் மேலயே இருக்கணும்."

மகள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்றும் அவள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்குத்தான் காப்பி வேண்டும் என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் மனைவிக்குச் சொந்தம். எண் நூற்று நாற்பத்தேழு. அது சினிமா இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால், இந்த நாலாவது மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று எடுத்தது. எடுத்தவன் அவளுடைய தம்பி.

நெடுநெடுவென்று வளர்ந்து சதை போடாமலே நின்றுவிட்டதால் அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். சுருக்கமாகக் குச்சி. பெயின்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை. எந்நேரமும் காது மடலில் ஏதாவதொரு கலர் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு யாரோ ஒரு சிநேகிதனின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பார்த்து அன்றைக்குத்தானா கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோக வேண்டும். லிஃப்ட்காரர் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிறார். குச்சி விடுவானா. மாடிக்கு மாடி கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "மாமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்கிறான். மூன்று மாடி முறைத்துவிட்டு, நாலாவது மாடியில் மாமாவுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

ஒரு மணி பத்து நிமிடம் ஓடுகிற அந்தப் படத்தில் குச்சியின் குரல் எங்கும் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். கடைசி நாலு நிமிடத்தில்தான் அவன் வருவான். "மாமா, என்னையும் கொஞ்சம் எடுங்க" என்று கேமராவை லிஃப்ட்காரர் கையில் கொடுத்துவிட்டு, காலி அறையில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் உரிக்கிறான். காதில் பச்சைப் பெயின்ட். "அக்கா, இந்த வீட்டுல நான் எங்க படுக்கிறது?" என்று கேட்கிறான். படத்துக்கு வெளியிலிருந்து அவள் குரல், "படியில படு" என்கிறது. குச்சி பழத்தோடு சிரித்துப் புரையேறி இருமுகிறான். கடைசியில், "மாமா, நீங்க சிரிச்சதை நான் சரியா எடுக்கல, குடுங்க" என்று கையை நீட்டிக்கொண்டு எழுந்து வருகிறான். கை பெரிதாகி வந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. அதோடு முடிந்தது.

சிடியில் பதித்து, முதுகின் நடுவில் தடித்த மார்க்கர் பேனாவால் "அக்கா வீடு" என்று எழுதி அலமாரிக்குக் கொடுத்ததும் அவன்தான்.

அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் சண்டை வந்ததும் ஒரு சிடியால்தான். எண் எண்பத்தெட்டு, ஒரு சிரிப்புப் படம். குச்சி கேட்டான் என்று லிஃப்ட்காரர் மனசில்லாமல் இரவல் கொடுத்தார். திரும்பி வந்தபோது அதன் முகத்தில் வட்டமாக ஒரு டீக்கறை. குச்சி அதன் மேல் டம்ளரை வைத்திருக்கிறான். மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்த நேரத்தில், லிஃப்ட்காரர் அந்தச் சிடியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டி, "உன் கையில குடுத்தது என் தப்பு. இனிமே இந்த அலமாரிப் பக்கமே வராதே" என்றார். குச்சி முதலில் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான்.

அதன் பிறகு மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அக்காவைப் பார்க்க வந்தான். ஒரு வருடமும் நாலு மாதமும் இப்படியே ஓடியது. இரண்டு பேரில் யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை கடையில் பெயின்ட் டின்னைத் திறந்துகொண்டிருந்தவன் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தான். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. முப்பத்து மூன்று வயது.

பதினாலு வருடமாகிறது. குச்சியின் பிறந்தநாள் அன்று அவள் கடையில் அரைநாள் விடுப்பு எடுத்து வருவாள். லிஃப்ட்காரர் கையைக் கழுவி, நூற்று நாற்பத்தேழைத் துடைத்துப் போடுவார். பல் பிடுங்கக் காத்திருக்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். கடைசி நாலு நிமிடம் நெருங்கும்போது மட்டும், "கேஸை மூடினேனான்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அவள் தனியாக உட்கார்ந்து தம்பியைப் பார்ப்பாள். அவன் கேட்கும்போது, டிவியில் வருகிற தன் குரலோடு சேர்ந்து தானும் மெல்ல "படியில படு" என்பாள்.

செத்துப்போனவன் மேல்கூடவா இந்த மனிதருக்குக் கோபம் தீரவில்லை என்று ஒவ்வொரு வருடமும் அவளுக்கு வயிறு எரியும். கேட்க மாட்டாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

இந்த வருடமும் அவள் மத்தியானமே வந்துவிட்டாள். அவர் துடைத்தார், போட்டார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படிகள், கட்டில், மூன்று முறைப்பு, நாலாவது மாடிச் சிரிப்பு எல்லாம் வந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். "மாமா, என்னையும் கொ" என்றது டிவி. படம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, அப்படியே நின்றது.

"ஏங்க, நின்னுடுச்சு."

அவர் வந்து எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார். அதே இடத்தில் நின்றது. மகளின் லேப்டாப்பில் போட்டார்கள். அதே இடம். கீழ்வீட்டிலிருந்து ஒரு பழைய ப்ளேயரை வாங்கி வந்து பார்த்தார்கள். அது சிடியை உள்ளே இழுத்துக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே துப்பியது. லிஃப்ட்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

"கேமரால ஒரிஜினல் இருக்குமா?" என்று மகள் கேட்டாள்.

"அது யார் கேமராவோ. அதுவே இப்ப இருக்குதோ இல்லையோ" என்றாள் மனைவி. தம்பியின் போட்டோ நாலைந்து உண்டு. அசைகிற தம்பி, பேசுகிற தம்பி, அக்கா என்று கூப்பிடுகிற தம்பி உலகத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும்தான் இருந்தான்.

மறுநாள் இருவரும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. கடைக்காரம்மா நெற்றியில் விளக்கு மாட்டியிருந்தாள். சிடியை வாங்கியதும் முதல் வேலையாகத் திருப்பி, பளபளப்பான பக்கம் கீழே இருக்கத் துணி மேல் வைத்தாள்.

"முகம் கீழ போகுதும்மா" என்று லிஃப்ட்காரர் பதறினார்.

"இது என்ன சார், ஓரம் பூரா எழுத்து?"

"தேதி. பார்த்த தேதி."

"பால்பாயின்ட்லயா?" அவள் விளக்கை அணைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், நீங்க முகம்னு சொல்ற பக்கம் வெறும் பிளாஸ்டிக். நல்ல தடிமன். அதுல கீறல் விழுந்தாக்கூடத் தேய்ச்சுச் சரிபண்ணலாம். இந்த மாதிரி வீட்டுல பதிஞ்ச சிடியில படம் இருக்கிறது முதுகுப் பக்கம். இந்தப் பூச்சுக்கு நேர் கீழே, வெங்காயத் தோல் கனத்துக்கு. அது மேல பேனாவை அழுத்தினா, அழுத்தின இடத்துல படம் போச்சு."

லிஃப்ட்காரர் ஓரத்தில் இருந்த தேதிகளைக் குனிந்து பார்த்தார்.

"பதியறது உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளி ஓரத்துல முடியும். நீங்க ஓரமாப் பார்த்து எழுதியிருக்கீங்க. அதனாலதான் முடிவு மட்டும் போயிருக்கு."

"வீட்டுல இன்னும் அறுநூறு இருக்கு, எல்லாத்துலயும் எழுதியிருக்காரு" என்றாள் மனைவி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"கடையில வாங்கின டிவிடில படம் ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல இருக்கும், பயமில்ல. இதை ரெண்டு நாள் வச்சுட்டுப் போங்க. மெதுவாப் படிக்க வச்சுப் பாக்குறேன். கடைசி நாலு நிமிஷம் கிடைக்கும்னு மட்டும் நினைக்காதீங்க."

அவர்கள் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.  படியேறும்போது அவள் சொன்னாள்.

"ஒரு டம்ளர் வச்சதுக்கு அவனை எல்லார் முன்னாடியும் துரத்தினீங்க. அவன் வச்ச கறை தண்ணியில போயிருக்கும். நீங்க எழுதினது போகாது."

இரண்டு நாளும் அவள் அவரோடு பேசவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் செய்த காரியம் இன்னும் மோசம். கை கழுவாமல், நேரே போய் அலமாரியைத் திறந்து, எண்பத்தெட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே ப்ளேயரில் போட்டாள். வேண்டுமென்றேதான் செய்தாள். டீக்கறை வட்டம் மங்கலாக இன்னும் இருந்தது. படம் தொடக்கம் முதல் கடைசி வரை ஓர் இடத்தில்கூடத் திக்காமல் ஓடியது. வீட்டில் யாரும் சிரிக்காமல் ஒரு சிரிப்புப் படம் இரண்டரை மணி நேரம் ஓடி முடிந்தது. லிஃப்ட்காரர் எழுந்து போகாமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். கேஸை மூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாவது தப்பித்திருக்கலாம், அதையும் செய்யவில்லை.

மறுநாள் மகள் கடைக்குப் போய் வந்தாள். ஒரு மணி ஆறு நிமிடம் தப்பிவிட்டது. பென்டிரைவில் ஒன்று, தன் லேப்டாப்பில் ஒன்று, அம்மாவின் போனில் ஒன்று என்று மூன்று காப்பி எடுத்துவிட்டாள். அப்பாவின் அனுமதியைக் கேட்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. கடைசி நாலு நிமிடத்தில் ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. சிடியை ஒரு காகித உறையில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மகள் வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு அம்மாவுக்குக் கடை விடுமுறை. சமையலறைச் சன்னல் ஓரமாக நின்று உறையைப் பிரித்தாள். பதினேழு வருடத்தில் அந்தச் சிடி அவள் விரலில் படுவது அப்போதுதான். நடுவில் தம்பியின் கோணல் எழுத்து, அக்கா வீடு. அந்த எழுத்தின் மேல் ஒரு புள்ளிகூட விழாமல் விலகி விலகித்தான் தேதிகள் ஓரத்துக்குப் போயிருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தாள். அவள் சிடியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

பூச்சு உடைந்த இடங்களில் எல்லாம் வெளிச்சம் ஊசிமுனையாக ஒழுகியது. ஓரம் முழுக்க இரண்டு வரிசையாகத் தேதிகள் வெளிச்சத்தில் எழுதினாற்போல் தெரிந்தன.

மாத்திரை அட்டைகளின் விளிம்பில் மங்கிப்போன தேதியைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பது இருபத்திரண்டு வருடமாக அவள் செய்கிற வேலை. எண்ணத் தொடங்கினாள். புதிதில் எல்லோரும் சேர்ந்து பார்த்தது நாலு தடவை. பிறகு அவன் பிறந்தநாள்கள் பதின்மூன்று. மொத்தம் பதினேழு இருக்க வேண்டும். சிடியில் ஐம்பத்தெட்டு இருந்தது.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். ஐம்பத்தெட்டுதான். அதிகமாக இருந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மார்ச் முப்பத்தொன்று. ஜூன் முப்பது. செப்டம்பர் முப்பது. டிசம்பர் முப்பத்தொன்று. மறுபடி மார்ச். வருடம் மட்டும் மாறிக்கொண்டு போனது, நடுநடுவே சில தவறியிருந்தன. அந்தத் தேதிகளை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் காலாவதியான மருந்துகளைப் பிரித்தெடுக்கிற நாள். அன்றைக்கெல்லாம் அவள் வீடு வந்து சேர நேரமாகிவிடும். அந்த நாற்பத்தொன்றில் முதலாவது, தம்பி போன பிறகு வந்த முதல் செப்டம்பர் முப்பது.

அவள் சிடியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள். வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பியிருந்த லிஃப்ட்காரர் அலமாரிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இதெல்லாம் என்ன தேதி?"

அவர் சிடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேள்வி புரியாதது போல நடிக்கக்கூட அவருக்குத் தெரியாது.

"நீ லேட்டா வர நாள்" என்றார்.

"கடைசி நாலு நிமிஷத்துக்கு எந்திரிச்சுப் போவீங்களே. அவன் முகத்துல முழிக்கப் பிடிக்காமப் போறீங்கன்னுல்ல நான் நினைச்சேன்."

"உன் பக்கத்துல உக்காந்து பாக்க முடியல." அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்கதான், என்னையும் கொஞ்சம் எடுங்கன்னு கேக்குறான். கேட்டுட்டு கேமராவைக் குடுக்குறான். அடுத்தவன் பொருள். விழுந்திருந்தா இவன்தான் பதில் சொல்லணும். கொஞ்சம்கூட யோசிக்காம என் கையில குடுக்குறான். நான் ஒரு டீக்கறைக்கு..."

அவள் சிடியின் ஓரத்தை விரலால் தடவினாள். 

"எழுதாம விட்டிருக்கலாம்ல. நாப்பத்தொண்ணு."

"பார்த்துட்டு எழுதாம வச்சா திருட்டுத்தனமாப் பார்த்த மாதிரி ஆயிடும்."

"எனக்குத் தெரியாமப் பார்த்தது மட்டும் என்னவாம்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதையும் நேர்கோடாகத்தான் துடைத்தார். ஜூனிலேயே இரண்டு இடத்தில் திக்கியது என்றும், ப்ளேயரில் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி எண்ணெய் போட்டதாகவும் சொன்னார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பதினாலு வருடமாக இந்த மனிதரைப் பற்றி மனசுக்குள் ஒரு தப்பான கணக்கை வளர்த்துவந்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை சமையலறை வாசல் வரை போய், ஏன் எழுந்து வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. குச்சியும் அவரும் ஒரு வருடம் நாலு மாதம் செய்த அதே வேலையை அவள் பதினாலு வருடம் செய்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது.

"நாப்பத்தொரு தடவை பார்த்தவருக்கு மனப்பாடம் ஆகியிருக்குமே" என்றாள். "சொல்லுங்க."

"என்ன சொல்றது?"

"அந்த நாலு நிமிஷத்தை. இனிமே அது உங்ககிட்டதான் இருக்கு."

பிரிண்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் எந்தப் படத்தைப் பற்றியும் பேசியறியாத மனிதர், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மாமா, என்னையும் கொஞ்சம் எடுங்க, அப்படிங்கிறான். படம் ஆடுது. நான் பிடிக்கத் தெரியாமப் பிடிக்கிறேன். முதல்ல சுவர் தெரியுது. அப்புறம் அவன் கால். அப்புறம்தான் முகம் வருது. பெட்டி மேல உக்காந்திருக்கான். இடது காதுல பச்சைப் பெயின்ட். பழத்தை மேலேருந்து உரிக்காம அடியிலேருந்து உரிக்கிறான். ஒரு நார் விரல்ல ஒட்டுது, பேன்ட்ல தேய்க்கிறான். தேய்ச்சுட்டு, நீ எங்க இருக்கேன்னு தேடுறான். கண்டுபிடிச்சுட்டான்." அவர் நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, இந்த வீட்டுல நான் எங்க படுக்கிறது?"

குரல் லிஃப்ட்காரருடையதுதான். தட்டையான, கரகரத்த குரல். ஆனால் அக்கா என்ற சொல்லை இழுத்த இழுப்பு தம்பியுடையது.

 அவர் காத்திருந்தார்.

"படியில படு" என்றாள்.

"சிரிக்கிறான். பழம் தொண்டையில போய் இருமுறான். நீ தண்ணி எடுக்கப் போற சத்தம் கேக்குது. அவன் வேணாம்னு கையை ஆட்டுறான். அப்புறம் என்னைப் பாக்குறான். மாமா, நீங்க சிரிச்சதை நான் சரியா எடுக்கல, குடுங்க. எந்திரிக்கிறான். வரான். கையை நீட்டுறான்." அவர் கை முன்னால் நீண்டது. "கை வந்து மறைச்சிடும். அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகும் அந்தக் கை அப்படியே நின்றது, கீழே இறக்க மறந்துபோனது போல. அவள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேசையில் பால்பாயின்ட் பேனா மூடியோடு கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"முதல்லேருந்து போடுங்க" என்றாள்.

அவர் மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.